ஸ்டோன் ஐலண்ட் பேட்ஜ் ஒரிஜினலா? கடைக்கு வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லண்டனில் உடுப்புத் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். சிப் (ஜிப்) மாற்றுவது, கை சுருக்குவது, கிழிசல் தைப்பது, இதுதான் வேலை. ஆனால் கொஞ்சக் காலமாக சிப் மாற்ற வருகிறவர்களைவிட, கையில் ஒரு ஜாக்கெட்டோடு வந்து "இது உண்மையான சாமானா?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் ஸ்டோன் ஐலண்ட். பிள்ளைகள் கேட்கிறார்கள், பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் அதைவிடக் கவலையோடு கேட்கிறார்கள். ஒரே பதிலை எத்தனை தரம் சொல்வது? அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் இங்கே போட்டுவிட்டேன்.

அண்ணை, கையில் பொத்தான் போட்டுத் தொங்குகிற அந்தத் துண்டுத் துணிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

ஸ்டோன் ஐலண்ட் 1982இல் இத்தாலியில் தொடங்கியது. தொடங்கியவர் பொலோஞ்யாவைச் சேர்ந்த மாசிமோ ஒஸ்தி. லாரிக்கு மேல் போடும் தார்ப்பாய் மாதிரியான தடித்த துணியைத் துவைத்துத் துவைத்து மென்மையாக்கி ஜாக்கெட் தைத்ததுதான் ஆரம்பம். தலைமையகம் மோதெனாவுக்குப் பக்கத்தில் ராவரீனோ என்ற சிறிய ஊர். 2020 டிசம்பரில் மோங்க்ளேர் நிறுவனம் இதை 115 கோடி யூரோ மதிப்பில் வாங்குவதாக அறிவித்தது.

அந்தத் துண்டுத் துணிதான் பேட்ஜ், இடது கையில் இரண்டு பொத்தானில் மாட்டப்பட்ட திசைகாட்டிப் படம். பட்டாளத்துச் சீருடையில் இருக்கும் அடையாளத் துணியின் சாயல். இங்கிலாந்தில் உதைபந்தாட்ட ரசிகர்கள் 1980களின் கடைசியிலும் 90களிலும் அதைத் தங்கள் கூட்டத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்கள். இன்று ஒரு ஸ்வெட்ஷர்ட்டே புதிதாக 200 பவுணுக்கு மேல். ஜாக்கெட் அதைப்போல் மூன்று மடங்கு, நான்கு மடங்கு. இவ்வளவு விலையுள்ள சாமானுக்கு இவ்வளவு சின்ன அடையாளம் இருந்தால், போலி செய்கிறவன் சும்மா இருப்பானா?

பேட்ஜைப் பார்த்த உடனேயே ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று சொல்லிவிடலாமா?

மட்டமான போலியைச் சொல்லிவிடலாம். நல்ல போலியைச் சொல்ல முடியாது. இன்னும் முக்கியமானது, பேட்ஜ் உண்மையாகவே இருந்தாலும் ஜாக்கெட் உண்மை என்று ஆகிவிடாது. பொத்தானைக் கழற்றினால் பேட்ஜ் கையோடு வந்துவிடும். அதனால் அது தொலைகிறது, திருடப்படுகிறது, தனியாக விற்கப்படுகிறது, வேறொரு சட்டையில் ஏறுகிறது.

நான் பார்க்கும் வரிசை இதற்கு நேர்மாறு. முதலில் உள்ளே இருக்கும் லேபிள், அடுத்து துணியும் தையலும், கடைசியில்தான் பேட்ஜ். நகல் எடுக்க மிகச் சுலபமானது பேட்ஜ், மிகக் கஷ்டமானது துணி. ஆனால் வாங்குகிற எல்லோரும் பேட்ஜைத்தான் முதலில் தொட்டுப் பார்க்கிறார்கள்.

சரி, கடைசியாகவாவது பேட்ஜில் என்ன பார்க்கவேண்டும்?

கழற்றித் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் எல்லோரும் ஒழுங்காகச் செய்வார்கள், பின்பக்கத்தில்தான் சோம்பல் தெரியும். நல்ல பேட்ஜின் பின்பக்கத்திலும் திசைகாட்டியின் வடிவம் சுத்தமாகத் தெரியும். போலியில் நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருக்கும், முடிச்சுகள் துருத்தியிருக்கும்.

முன்பக்கத்தில் எழுத்துகளைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கவேண்டும், பக்கத்து எழுத்தோடு ஒட்டக்கூடாது. மஞ்சளும் பச்சையும் அடங்கிய நிறங்கள். வீதியில் வேலை செய்கிறவர்கள் போடும் மேலங்கி மாதிரிப் பளீரென்று மஞ்சள் அடித்தால் சந்தேகப்படுங்கள். பொத்தான் துளையின் ஓரம் பிசிறில்லாமல் இருக்கவேண்டும். பேட்ஜ் கையில் படிந்து கிடக்கவேண்டும், வாழையிலை காய்ந்த மாதிரிச் சுருளக்கூடாது. ஆனால் பேட்ஜோடு சேர்த்து மெஷினில் துவைத்தால் உண்மையான பேட்ஜும் சுருளும். ஆகவே இது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவேண்டாம். (துவைக்கும் முன் கழற்றி வையுங்கள். இதையும் நூறு தரம் சொல்லிவிட்டேன்.)

விளிம்பில் பச்சை நூல் இருக்கிறது. போலியா?

அவசரப்படாதீர்கள். 1990களின் கடைசிவரை வந்த பேட்ஜ்களில் பச்சை விளிம்பு உண்டு. பழைய சாமான் சேர்ப்பவர்கள் அதைத்தான் தேடி அலைகிறார்கள். ஜாக்கெட் எந்தக் காலத்தது என்பதுதான் கேள்வி. உள்ளே க்யூஆர் கோடு உள்ள புது ஜாக்கெட், வெளியே பச்சை விளிம்பு பேட்ஜ் என்றால் இரண்டில் ஒன்று வேறு இடத்திலிருந்து வந்திருக்கிறது.

என் ஜாக்கெட்டில் பேட்ஜ் முழுக்க ஒரே நிறம். மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை.

கோஸ்ட் என்று ஒரு வரிசை உண்டு. அதில் துணி எந்த நிறமோ பேட்ஜும் அதே நிறம். அது இருக்கலாம். லேபிளைப் பாருங்கள்.

போலோ டீ-ஷர்ட்டில் பொத்தானே இல்லை, நெஞ்சில் தைத்திருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. கழற்றக்கூடிய பேட்ஜ் எல்லா உடுப்புக்கும் கிடையாது. போலோவிலும் பல டீ-ஷர்ட்டுகளிலும் நெஞ்சில் சிறிய திசைகாட்டித் துண்டு தைத்தோ, அச்சடித்தோ வரும். காற்சட்டையில் பேட்ஜ் இடது காலில் இருக்கும். சில தொப்பிகளில் பூவேலையாக வரும். ஒருமுறை ஒரு பையன் உண்மையான போலோவில் பேட்ஜ் இல்லையே என்று கையில் இரண்டு பொத்தான் தைத்துத் தரச் சொன்னான். நான் மறுத்துவிட்டேன்.

உள்ளே இருக்கிற செர்ட்டிலோகோ என்றால் என்ன?

உண்மையா போலியா என்று சரிபார்க்க மிலானில் தொடங்கிய ஒரு சேவை. 2023இல் ஈபே அதை வாங்கியது. ஸ்டோன் ஐலண்ட் 2014 இலையுதிர்-குளிர்காலத் தொகுப்பிலிருந்து அதைப் பயன்படுத்துகிறது. உட்புற லேபிளில் க்யூஆர் கோடும், சி.எல்.ஜி. என்று குறிப்பிட்டு 12 இலக்க எண்ணும் இருக்கும். அவர்களுடைய தளத்திலோ ஆப்பிலோ அந்த எண்ணைக் கொடுத்தால் சில கேள்விகள் கேட்பார்கள். பிறகு முடிவைச் சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. லேபிளில் உள்ள க்யூஆர் கோடை போன் கேமராவால் அப்படியே திறக்காதீர்கள். போலி செய்கிறவன் தானே ஒரு தளம் கட்டி, "வாழ்த்துகள், உங்கள் உடுப்பு உண்மையானது" என்று எழுதி வைக்கலாம், அதற்கு ஒரு மாலை நேரம் போதும். செர்ட்டிலோகோ தளத்தின் பெயரை நீங்களே தட்டித் திறந்து, 12 இலக்கத்தையும் கையால் போடுங்கள்.

எண்ணைப் போட்டேன், உண்மையானது என்று வந்தது. அப்போ பிரச்சினை இல்லைதானே?

முக்கால்வாசிப் பிரச்சினை இல்லை. செர்ட்டிலோகோ சரிபார்ப்பது எண்ணை, உங்கள் கையில் இருக்கும் துணியை அல்ல. கடையில் தொங்கும் உண்மையான ஜாக்கெட்டின் லேபிளைப் படம் எடுத்து, அதே எண்ணை நூறு போலிகளில் அச்சடிக்க முடியும். ஒரே எண் பல இடங்களில் கேட்கப்பட்டால் அவர்கள் கவனித்துத் தடுப்பார்கள். ஆனால் முதலில் கேட்கிற சிலருக்கு நல்ல பதிலே போகும்.

அதனால் அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு உங்கள் உடுப்பைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள், விற்பவர் சொன்னதை வைத்துச் சொல்லாதீர்கள். முடிவுப் பக்கத்தில் வரும் விவரம் கையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். எண் ஸ்வெட்ஷர்ட்டுடையது, கையில் இருப்பது ஜாக்கெட் என்று இங்கேயே ஒருவருக்கு நடந்தது. ஆப்பில் பச்சை நிறம் வந்த சந்தோஷத்தில் அவர் அதை வாசிக்கவே இல்லை.

விற்பவர் செர்ட்டிலோகோ முடிவின் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார். போதாதா?

போதாது. அது யாருடைய ஜாக்கெட்டின் முடிவோ. லேபிளின் தெளிவான படம் கேளுங்கள். எண்ணைக் காட்டத் தயக்கம் என்றால் அதில் நியாயமும் உண்டு. படம் எடுத்துப் போலிக்குப் பயன்படுத்துவார்கள் என்று நேர்மையான விற்பனையாளர்களும் கடைசி சில இலக்கங்களை மறைக்கிறார்கள். அப்படியானால் நேரில் பார்த்துச் சரிபார்த்த பிறகு காசு கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் விட்டுவிடுங்கள்.

2014க்கு முந்தின ஜாக்கெட்டை எப்படிச் சரிபார்ப்பது? அதில் எண் இல்லையே.

எண் இல்லாததுதான் சரி. 1990களில் வந்த ஜாக்கெட் என்று சொல்லி உள்ளே க்யூஆர் கோடு காட்டினால் அதுவே போலி என்பதற்குச் சாட்சி.

பழையவற்றுக்கு உதவுவது துவைப்புக் குறிப்பு லேபிளில் உள்ள ஆர்ட் எண், அதாவது அந்த உடுப்பு மாதிரியின் எண். 2010களிலிருந்து 2024 வரையான உடுப்புகளில் இதை வாசிப்பது சுலபம். முதல் இரண்டு இலக்கம் பருவம். இரட்டைப்படை வசந்தம்-கோடை, ஒற்றைப்படை இலையுதிர்-குளிர். 61 என்றால் 2014 குளிர்காலம், 70 என்றால் 2019 கோடை, 73 என்றால் 2020 குளிர்காலம், 74 என்றால் 2021 கோடை. அடுத்த இரண்டு இலக்கம் வரிசையைச் சொல்லும். பெரியவர்களுக்கான வழக்கமான வரிசை 15, சிறுவர் வரிசை 16, ஷாடோ ப்ராஜெக்ட் 19. நிறத்துக்கும் எண் உண்டு, வி0029 என்றால் கறுப்பு. லேபிளில் கறுப்புக்கான எண் போட்டு, கையில் சிவப்பு ஸ்வெட்டரைக் கொடுத்தால் புரிந்துகொள்ளலாம். "2017இல் வாங்கினேன்" என்று சொல்லி 74இல் தொடங்கும் எண்ணைக் காட்டினாலும் அப்படியே. 2025 தொகுப்பிலிருந்து எண் எழுத்தோடு சேர்ந்து வேறு மாதிரி வருகிறது. அதைப் பார்த்துப் போலி என்று முடிவு செய்யவேண்டாம்.

எண்பது, தொண்ணூறுகளின் சாமானுக்கு என்னைக் கேட்பதைவிட, அதையே சேர்ப்பவர் ஒருவரிடம் காட்டுவது நல்லது. நான் தையல்காரன், தொல்பொருள் ஆய்வாளன் இல்லை.

துணியைப் பார்க்கவேண்டும் என்கிறீர்கள். தையல் தெரியாதவருக்கு என்ன தெரியும்?

ஒரு விஷயம் தெரிந்தால் போதும். இந்தக் கம்பெனிக்குப் புகழே சாயம் போடும் முறையால்தான். பல உடுப்புகளைச் சாயம் போட்ட துணியில் வெட்டித் தைப்பதில்லை. வெள்ளையாகவோ சாயமில்லாமலோ முழு உடுப்பாகத் தைத்து முடித்து, அதன்பிறகு முழுசாகச் சாயத்தில் போடுகிறார்கள். உடலும் கையும் கழுத்துப் பட்டியும் வேறு வேறு நூல்வகை என்றால் ஒவ்வொன்றும் சாயத்தை ஒவ்வொரு மாதிரிக் குடிக்கும். தையல் நூலும் சிப்பின் துணிப்பட்டையும் கூட உடம்பின் நிறத்துக்கு ஒரு சாயல் தள்ளி நிற்கும். தையல் ஓரங்களில் நிறம் கொஞ்சம் ஏறி இறங்கும். கம்பளிக்குச் சாயம் போட்ட நம் பாட்டிமாருக்கு இது உடனே விளங்கியிருக்கும்.

போலியில் சாயம் போட்ட துணிச்சுருளை வாங்கி வெட்டித் தைக்கிறார்கள். அதனால் நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, வர்ணம் அடித்த தகரம் போல இருக்கும். பையின் மூடியைத் தூக்கி அடியில் பாருங்கள், கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பாருங்கள். எல்லா ஒரிஜினலும் இந்த முறையில் சாயம் போட்டது அல்ல, ஆகவே இது இல்லாததால் போலி என்று சொல்லமுடியாது. இருந்தால் பெரிய நம்பிக்கை.

அப்புறம் சிப். லாம்போ, ஒய்கேகே, ரிரி என்று ஏதாவது பெயர் பெரும்பாலும் இழுவையிலோ அதன் பின்னாலோ இருக்கும். பெயரே இல்லாமல், மேலும் கீழும் இழுக்கும்போது நரநரவென்று கத்தினால் ஜாக்கெட்டைக் கீழே வையுங்கள். போலிகளில் சிப்தான் முதலில் போகும். என் கடைக்கு அவை வருவதே அதற்காகத்தான்.

லேபிளில் துருக்கியில் செய்தது என்று இருக்கிறது. இத்தாலி கம்பெனி இல்லையா?

கம்பெனி இத்தாலி, தைப்பது பல நாட்டில். துருக்கி, ருமேனியா, துனிசியா, சீனா என்று லேபிளில் பார்க்கலாம். போலி செய்கிறவர்கள்தான் ஒன்றுவிடாமல் "இத்தாலியில் செய்தது" என்று அடிக்கிறார்கள்.

14 வயசு சைஸ் ஜூனியர் எனக்கே போதும், விலையும் குறைவு. அது உண்மையானதா?

உண்மையானதுதான், சிறுவர் வரிசை. ஒல்லியான பெரியவர்கள் பலர் அதைத்தான் வாங்கிப் போடுகிறார்கள். கெட்டிக்காரத்தனம் என்றுதான் சொல்வேன். ஆனால் ஜூனியர் லேபிளை வெட்டிவிட்டுப் பெரியவர் ஸ்மால் சைஸ் என்று கூடின விலைக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்ட் எண்ணின் மூன்றாவது, நான்காவது இலக்கத்தைப் பாருங்கள். அது 16 என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

திருப்பூர் போனபோது எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று பேட்ஜோடு விற்றார்கள். நல்ல துணி. அது ஒரிஜினல்தானே?

திருப்பூரில் உலகப் பெயர்களுக்கெல்லாம் பின்னலாடை தைக்கிறார்கள் என்பது உண்மை. மிச்சமும் கழிவும் வெளியே வருகின்றன என்பதும் உண்மை. ஆனால் வாங்குகிற கம்பெனி தன் பெயர் சந்தைக்குப் போகக்கூடாது என்று கவனமாக இருக்கும். அதனால் உண்மையான மிச்சச் சரக்கு பெரும்பாலும் லேபிள் வெட்டப்பட்டோ கோடு போடப்பட்டோதான் கைக்கு வரும். ஒரே கடையில் எல்லாச் சைஸிலும், எல்லா நிறத்திலும், புத்தம்புது பேட்ஜோடும் விலைச்சீட்டோடும் தொங்கினால் அது மிச்சம் அல்ல, அங்கேயே தைத்தது. துணி நன்றாக இருக்கலாம், நல்ல துணியாக நினைத்து அந்த விலைக்கே வாங்குங்கள். ஒரிஜினல் என்ற கணக்கில் வாங்காதீர்கள்.

பேட்ஜ் தொலைந்துவிட்டது. இணையத்தில் 15 பவுணுக்கு ஒன்று வாங்கி மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் அது போலியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் விற்கும்போது, மூன்றாம் பதிலில் சொன்னபடி யாராவது பேட்ஜைத் திருப்பிப் பார்த்து உங்கள் உண்மையான ஜாக்கெட்டையே போலி என்பார். ஒரு பையனுக்கு இப்படித்தான் ஆயிற்று. ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அவன் ஒரு மலிவு பேட்ஜை மாட்டினான். 500 பவுண் ஜாக்கெட்டை யாரும் 60க்கும் கேட்கவில்லை. கடைசியில் பேட்ஜைக் கழற்றிவிட்டு, "பேட்ஜ் இல்லை, சி.எல்.ஜி. எண் உண்டு" என்று எழுதிப் போட்டான். நல்ல விலைக்குப் போனது.

முதலில் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையைக் கேட்டுப் பாருங்கள். சி.எல்.ஜி. எண்ணும் வாங்கிய பற்றுச்சீட்டும் கையில் இருக்கட்டும். கூட்டத்துக்குள் போகும்போது பேட்ஜைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. அதற்குத்தானே பொத்தான் வைத்திருக்கிறார்கள்.

இணையத்தில் தெரியாதவரிடம் வாங்கும்போது காசு எப்படிக் கொடுப்பது?

வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பவேண்டாம். பேபாலில் "நண்பர்கள், குடும்பத்தினர்" என்று அனுப்பச் சொன்னால் அந்த நொடியே நிறுத்துங்கள், அதற்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. தெரியாத ஒருவர் உங்களை அவ்வளவு சீக்கிரம் குடும்பத்தில் சேர்த்தால் யோசிக்கவேண்டாமா? பழைய உடுப்பு விற்கும் வின்டட் போன்ற தளங்களில் அவர்களின் சொந்தப் பணப்பாதையிலேயே கொடுங்கள். சாமான் வந்து 2 நாளுக்குள் குறை சொல்லவேண்டும், பிறகு காசு விற்றவருக்குப் போய்விடும். ஆகவே பார்சல் வந்த அன்றைக்கே லேபிளைப் பாருங்கள், பிறந்தநாள்வரை பொதியோடு ஒளித்துவைக்காதீர்கள்.

கடையிலிருந்து வாங்கினால் கடனட்டை நல்லது. 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண்வரையான பொருளுக்கு, 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு.

மகன் 40 பவுணுக்கு வாங்கிவிட்டான், பார்த்தால் போலி. பொலிஸ் அவனைப் பிடிக்குமா?

தன் பாவனைக்குப் போலி வாங்குவது இங்கிலாந்தில் குற்றமில்லை. விற்பதுதான் குற்றம், 1994ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டத்தில் அதற்கு 10 வருடம்வரை சிறை உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் எல்லையில் பார்சலைப் பறிமுதல் செய்யலாம். மான்செஸ்டரில் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் பக்கத்துத் தெருக்கள் போலிச் சரக்குக்குப் பேர்போனவையாக இருந்தன. 2022இல் மான்செஸ்டர் பொலிஸ் ஆபரேஷன் வல்கன் என்று பெயர் வைத்துத் தொடங்கி, அங்கே கடை கடையாகப் பூட்டினார்கள். கைதானவர்கள் விற்றவர்கள்.

காசைத் திரும்ப எடுக்க வழி உண்டா?

விற்றவர் வியாபாரி என்றால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம். சொன்னபடி சாமான் இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக் காசும் கேட்கலாம். தனி ஆள் விற்றிருந்தாலும் ஒரிஜினல் என்று எழுதி விற்றது போலியாக இருந்தால் கேட்கும் உரிமை உண்டு, ஆனால் ஆளைப் பிடிப்பது கஷ்டம். விளம்பரத்தையும் பேசின செய்திகளையும் அழியும் முன் படம் எடுத்து வையுங்கள். பேட்ஜை வெட்டிப் பார்க்கிறேன், சிப்பைக் கழற்றிப் பார்க்கிறேன் என்று உடுப்பைச் சிதைக்கவேண்டாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொன்னால் அவர்கள் மோசடி வியாபாரத்தைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குத் தகவல் கொடுப்பார்கள்.

மாமா, எனக்குத்தான் இது போலி என்று தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் வேறு ஆளுக்கு விற்றுவிடவா?

இதை ஒரு தம்பி சிரித்துக்கொண்டுதான் கேட்டான். வாங்கினவரைப் பிடிக்கமாட்டார்கள் என்று இரண்டு கேள்விக்கு முன் சொன்னேன் அல்லவா, விற்றால் நீ அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிடுகிறாய் தம்பி. "போலிதான்" என்று உண்மையை எழுதி விற்றாலும் அதே சட்டம்தான். பேட்ஜைக் கழற்றிவிட்டு, குளிருக்கு வீட்டுக்குப் பின்னால் குப்பைத்தொட்டி தள்ளும்போது போட்டுக்கொள் என்றேன். கழற்றின பேட்ஜ் என் மேசை லாச்சியில் கிடக்கிறது, அதோடு இன்னும் பதினொன்று.